குலத்தொழில் ஆகாத கூடை

1970-களின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், மத்தியானம் மூன்று மணிக்கு ஏதாவது ஒரு வாசற்படியில் வயர் கூடை வளர்ந்துகொண்டிருக்கும். ரயில்வே குடியிருப்பிலும் அப்படித்தான், முடிச்சூர் சாலையை ஒட்டி மனை வாங்கிப் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டிலும் அப்படித்தான். மடியில் பாதி பின்னிய கூடை, காலடியில் வயர் ரோல், உள்ளே டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி. வீட்டு ஆண்கள் காலை மின்ரயிலில் கோட்டைக்கும் எழும்பூருக்கும் போய்விட்ட பிறகு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம் அது.

நான் பள்ளிக்கூடங்களில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேறி, ஓட்டுத்தையலும் சங்கிலித்தையலும் காம்புத்தையலும் காஜா எடுப்பதும் பல நூறு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் பாடத்திட்டம் உண்டு, புத்தகம் உண்டு, சான்றிதழ் உண்டு. வயர் கூடைக்கு இவை எதுவும் இல்லாமல் ஒரு தலைமுறைப் பெண்கள் அதை ஊரெங்கும் பரப்பினார்கள். அவர்களைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் பெண்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வரிசையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமி ஒருத்தர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ அக்கா இருந்தார். ரயில்வேயில் கலாசியாக இருந்த தலித் அண்ணனின் மனைவி, ஆம்பூரிலிருந்து மகனோடு வந்து தங்கிய முஸ்லிம் பாட்டி, சலவைத் தொழிலிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த எங்கள் குடும்பம். இத்தனை பேரும் பின்னியது ஒரே கூடை.

தமிழ்நாட்டில் கூடை முடைவது நேற்று வந்த வேலை இல்லை. மூங்கில் கூடையும் முறமும் குறவர், மேதரர் வீடுகளின் பிழைப்பு. பத்தமடைக் கோரைப்பாய் அந்த ஊர் லெப்பைமாரின் கைவேலை. பனையோலைப் பெட்டி என்றால் தெற்கே பனையை நம்பி வாழ்ந்தவர்கள். பானை என்றால் குயவர். எல்லா வீட்டிலும் இவற்றை வாங்குவார்கள், புழங்குவார்கள். ஆனால் இன்னொரு சாதி வீட்டுப் பெண் மூங்கில் பிளாச்சைக் கையில் எடுத்து முடைய உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்காது. அந்தப் பொருளோடு அதைச் செய்பவரின் பிறப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வயருக்கு அப்படி ஒரு பூர்வீகம் கிடையாது. அதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று எந்தப் பாட்டனும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எல்லாச் சாதி வீட்டுப் பெண்களும் கூச்சமில்லாமல் கையில் எடுத்த முதல் கூடை வயர் கூடைதான் என்பது என் கணிப்பு.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். 1953-ல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார், திராவிட இயக்கம் முழுவதும் எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. என் பெரியப்பா மகன் அப்போது கிராமத்தில் மூன்றாம் வகுப்பு. மற்றவன் மதியம் வயலுக்கோ கடைக்கோ போனால், இவன் அழுக்கு மூட்டையோடு துறைக்குப் போனான். காந்தி 1937-ல் வார்தாவில் சொன்ன ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததுதான். ஆனால் அதில் எல்லாப் பிள்ளையும் தக்ளியில் நூல் நூற்றது, யார் பிள்ளை என்று பார்க்கவில்லை. கைவேலை நல்லது என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கை தானாக விரும்பி எடுக்கிற வேலையில்தான் சந்தோஷம் இருக்கிறது. பிறப்பைக் காட்டி மடியில் வைக்கப்பட்ட வேலையில் அது வராது.

இப்படி வெளியிலிருந்து வந்து யாருக்கும் குலத்தொழிலாக இல்லாத கைவேலை அதற்கு முன்பும் ஒன்று உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அன்று அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிக் கிடைத்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. மார்த்தாவின் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை கால்டுவெல் எழுதிய அதே ஊரில் எலிசா பெண்களுக்கு நூல் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வரிசைக்கு குரோஷா ஊசியைக் கொண்டுவந்தது அந்தத் திருநெல்வேலி அக்காதான். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களிடமும் குரோஷா இருந்தது. வயர் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ரேடியோப் பெட்டிகளுக்கெல்லாம் நூல் உறை உண்டு.

வேறு கைவேலைகளும் இருந்தன. என் ஆயா பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் மைய அரைப்பார். கவிழ்த்த பித்தளைச் சட்டியின் மேல் அந்தக் கூழை விரல் கனத்துக்கு அப்பிக் காயவைத்து எடுத்தால் காகிதக் கூடை. வெந்தயத்தின் பசை காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும், பூச்சியும் அண்டாது. வற்றல் மிளகாய் போட்டுவைக்க அதைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. நவராத்திரி வந்தால் மாமி வீட்டுக் கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவது எங்கள் எல்லோருக்கும் வேலை. தாம்பாளத்து மண்ணில் கேழ்வரகும் கடுகும் முளைகட்டிப் புல்தரை, முகம் பார்க்கும் கண்ணாடி குளம், தீப்பெட்டி அடுக்கி வீடு. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கி 1937-ல் அரசு எடுத்துக்கொண்ட காசநோய் மருத்துவமனை, சானடோரியம் என்போம், எங்களுக்குப் பக்கத்தில்தான். அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்து கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிம் கிடைக்கும். வெந்நீரில் சோடா உப்பு போட்டுக் கழுவினால் படம் முழுக்கப் போய் வெறும் தகடு நிற்கும். கொலு பார்க்கின் தீப்பெட்டி வீடுகளுக்கு அதுதான் ஜன்னல் கண்ணாடி.

மேட்டூரில் கெம்பிளாஸ்ட் 1967-ல் பிவிசி தயாரிக்கத் தொடங்கியது. அடுத்து வந்த வருஷங்களில் பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. கூடை வயரும் அப்படித்தான் வந்தது. சண்முகம் சாலைக் கடைகளில் நாலைந்து நிறம்தான் தொங்கும். நல்ல நிறம் வேண்டுமென்றால் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போக வேண்டும். 1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்ரயில் ஓடுகிறது. தாம்பரம் என்கிற ஊரையே இப்படி வளர்த்தது அந்த ரயில்தான். பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போய், பீச் ஸ்டேஷனில் இறங்கி மொத்தக் கடையில் டஜன் கணக்கில் ரோல் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அரக்கு, மயில்நீலம், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வெள்ளை. புது ரோலைப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பின்னுகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கூடையின் அளவை ஒரு ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்றுதான் சொல்வோம். முதலில் வயரைச் சம நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் விட்ட ரோல் ரன்னிங் வயர். கூடை முடியும்வரை அதுதான் சுற்றிச் சுற்றி ஓடும். வெட்டிய துண்டை நடுவில் மடித்து ரன்னிங் வயரின் வளையத்துக்குள் நுழைத்து, நுனிகளை நான்கு பக்கமும் இழுத்தால் சின்னச் சதுரமாக ஒரு முடிச்சு விழும். பக்கத்தில் அடுத்த துண்டு, அதற்கும் முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசை. இப்படி அடிப்பாகம் ஒரு செவ்வகமாக வரும்வரை வேலை தரையோடு கிடக்கும். பிறகு மூலையில் ரன்னிங் வயரைத் திருப்புகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தட்டையாகக் கிடந்தது எழுந்து சுவராகத் தொடங்கும். முதல்முறை பின்னுகிறவர் முகத்தில் அந்த நேரத்தில் வருகிற மலர்ச்சியை வாழ்நாள் முழுக்க எத்தனை பேரிடம் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

சுவர் எழும்பிய பிறகு கை தானாகப் போகும், வாய் பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் இழுக்கிற பலம் முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை ஒன்றாக இருக்க வேண்டும். "கோபத்தோட பின்னாத பாப்பா, கூடை ஒரு பக்கமா சாஞ்சிடும்" என்பார் கலாசி வீட்டு அண்ணி. அவர் சொன்னது நிஜம். மாமியாரோடு சண்டை போட்ட அன்றைக்குப் பின்னிய வரிசை இறுகி உள்ளே இழுத்துக்கொண்டு தனியாகத் தெரியும். மேல்விளிம்பு வந்ததும் மிச்ச நுனிகளை உட்புற முடிச்சுகளுக்குள் செருகி நறுக்க வேண்டும். கைப்பிடிக்கு உள்ளே பிளாஸ்டிக் டியூப் வைத்து மேலே வயரைச் சுற்றிப் பின்னுவோம். மார்கழியில் வயர் விறைத்துக்கொள்ளும், சற்று நேரம் வெயிலில் போட்டால் இளகிவிடும். நிறையப் பின்னுகிற பெண்ணைச் சுட்டுவிரலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். விரலின் பக்கவாட்டில் வயர் ஓடி ஓடி ஒரு கோடு காய்த்துப் போயிருக்கும்.

சாதா முடிச்சு கைவந்த பிறகு சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று போகலாம். நெல்லிக்காய் முடிச்சு வெளியே குண்டாகப் புடைத்து நிற்கும், வயரை நிறையத் தின்னும், ஆனால் கூடை கல் மாதிரி உறுதி. சிவன் கண்ணில் இரண்டு நிறம் வைத்துப் பின்னினால் சாய்சதுரத்துக்கு நடுவில் விழி தெரியும். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த முஸ்லிம் பாட்டி எங்கள் வரிசையிலேயே சிவன் கண்ணை மிக நேர்த்தியாகப் பின்னுவார். பெயரையும் அப்படியே சொல்வார், யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. ஸ்ரீரங்கத்து மாமி நெல்லிக்காய் கற்றுக்கொண்டது கலாசி வீட்டு அண்ணியிடம். அதற்காக அண்ணி வீட்டுப் படியில், அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வேறு எந்தக் காரணத்துக்காகவும் மாமி அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூடையால் சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாமி அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாரா என்று கேட்டால் இல்லை. ஆனால் குரு யார், சிஷ்யை யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யாத மத்தியானங்கள் அவை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பணமும் வந்தது. பெண்கள் இதைப் பொழுதுபோக்குக்குப் பின்னினார்களா, பிழைப்புக்குப் பின்னினார்களா என்று பிரித்துக் கேட்கிறவர்கள் அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்ததில்லை. ஆசையாகப் பின்னிய கூடையைப் பார்த்துவிட்டு ஒருவர் எனக்கும் ஒன்று என்பார், வயர் காசோடு கூலியும் கொடுப்பார். அது சிறுவாட்டில் சேரும். சிறுவாட்டில் சேர்ந்தது பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவாகும், சில நேரம் ஒரு கிராம் தங்கமாகும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1997-ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தபோது இந்தப் பக்கத்தில் பல குழுக்கள் முதலில் எடுத்த பொருள்களில் வயர் கூடையும் இருந்தது. புதிதாக யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நெசவைத் தொழிலாகவே செய்த ஊர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லாவரத்தைத் தாண்டினால் அனகாபுத்தூர். அங்கே தறியில் நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி கப்பலேறி நைஜீரியா வரை போயிற்று. அந்நாட்டு நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபாரி இனத்துப் பெண்கள் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கி அப்படியே உடுத்திக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, துணியில் புதிதாக ஒரு சித்திரத்தைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர். குடும்பத்தின் பெருமையாகத் தலைமுறை தலைமுறையாக அதைப் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். இங்கே ஒரு நெசவாளி இழை இழையாகச் சேர்த்ததை அங்கே ஒரு பெண் இழை இழையாக எடுத்து இன்னும் அழகாக்குகிறாள். இதைப் படித்தபோது ஒரு தையல் ஆசிரியையாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. நைஜீரியா 1970-களில் துணி இறக்குமதிக்குத் தடை போட்டதும் அனகாபுத்தூர்த் தறிகள் நொடித்துப் போயின. பிறகு சி.சேகர் முதலான நெசவாளர்கள் வாழைநார், சணல், கற்றாழை என்று இயற்கை நாரில் சேலை நெய்து அந்த ஊரின் பெயரை மறுபடி பேசவைத்தார்கள். வாங்குகிறவர் எங்கோ தொலைவில் இருக்கிற தொழில் ஒரே உத்தரவில் படுத்துவிடும். வீட்டுக் கைவேலைக்கு அந்த ஆபத்து குறைவு, கூலியும் குறைவு.

வயர் கூடை தேய்ந்ததற்கு எந்த உத்தரவும் காரணமில்லை. 1984-ல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது, மெப்ஸ் என்போம். இளம்பெண்களுக்குச் சம்பள வேலை கிடைத்தது, அது நல்லதே. ஆனால் மத்தியானம் என்ற ஒன்று அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. கடைக்காரரே பாலித்தீன் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கியபின் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் போவது பட்டிக்காட்டுத்தனமாகப் பேசப்பட்டது. பரணில் ஏறிய கூடைகளில் பழைய செருப்பும் கொலுப்படித் துணியும் கிடந்தன.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் தெரிந்த வீடு ஒன்றைச் சுத்தம் செய்யப் போனோம். கொலுப் பொம்மைகள் கூழாகிக் கிடந்தன, எம்பிராய்டரி போட்ட தலையணை உறைகளில் சேற்றுக்கறை போகவேயில்லை. வயர் கூடைகளை மட்டும் குழாயடியில் அலசிக் கவிழ்த்தோம், அன்று மாலையே அதில்தான் நிவாரணப் பாலும் ரொட்டியும் வாங்கிவந்தோம்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் துணிப்பையைத் திரும்பக் கொண்டுவர ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். கூடைகள் பரணிலிருந்து இறங்கின. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வயர் ரோல் இப்போது முன்பைவிட அதிக நிறத்தில் கிடைக்கிறது. வயர் கூடையும் பிளாஸ்டிக்தானே என்று கேட்கிறார்கள். ஆமாம், பிளாஸ்டிக்தான், மண்ணில் மக்காது. ஆனால் பத்து நிமிஷத்தில் எறியப்போகிற பைக்கும், பதினைந்து இருபது வருஷம் காய்கறி சுமந்து, கைப்பிடி போனால் கைப்பிடியை மட்டும் மாற்றி மறுபடி சுமக்கிற கூடைக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். இப்போது கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதிலாக உள்ளங்கை அகலக் குட்டிக் கூடைகள் கேட்கிறார்கள். யூடியூபில் பார்த்து ஐடி வேலைக்குப் போகிற பெண்கள் பின்னுகிறார்கள், சில பையன்களும். சந்தேகம் வந்தால் என்னிடம் வருகிறார்கள்.

1863-ல் இதே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார், பிறகு அவருடைய சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. யாரோ ஒருவர் கையால் கொத்திய கல்லுக்கு அந்த மரியாதை சரியானது. எங்கள் பெண்களின் கைவேலைக்கு அப்படி ஓர் அலமாரி இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. சிவன் கண்ணில் மட்டும் நான் பார்த்த வகைகள் பல. அவற்றைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, பக்கத்தில் யார் யாரிடம் கற்றார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று குறித்துவருகிறேன். ஒரு கூடையின் அடிப்பாகத்தைப் பார்த்தால் அதைப் பின்னியவர் யாருடைய மாணவி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிலர் நடுவிலிருந்து தொடங்குவார்கள், சிலர் ஓரத்திலிருந்து. சிலர் தரையில் தேயாமலிருக்க அடியில் குமிழ் முடிச்சு வைப்பார்கள். அம்மாவோ பாட்டியோ பின்னிய கூடை உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அதைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தையும், உள்ளே நுனி செருகிய இடத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னியவர் இன்னும் இருந்தால், யாரிடம் கற்றார் என்பதை இந்த வாரமே கேட்டு அந்தப் படத்தின் பின்னால் எழுதுங்கள்.